டிஸ்சார்ஜ் ஓகே

எங்கள் ஃபேக்டரி மேனேஜர் தம்பிதுரை மரியாதையில் குறை வைக்காதவர். கேட்டுக்குள் நுழைந்த தெருநாயைக்கூட "அந்தப் பக்கம் போங்க" என்றுதான் விரட்டுவார். ஒருவரை வேலையை விட்டு நிறுத்தும்போது முதலில் டீ வாங்கிக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, "நாளையிலிருந்து வர வேண்டாமுங்க" என்பார். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கோயமுத்தூர் மரியாதையே தனி என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறவர்கள். நான் ஒன்பது வருஷமாக இருக்கிறேன்.

என் பெயர் அருள்செல்வி. துடியலூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு பம்பு கம்பெனியில் டெஸ்ட் பெஞ்ச் இரண்டு என் பொறுப்பு. அப்பார்ட்மெண்டுகளுக்குப் போகிற பிரஷர் பம்புகளை அங்கே ஓட்டிப் பார்த்து, ஏழு அளவுகள் எடுத்து, நான் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டிக்குள் போகும். எங்கள் கம்பெனியில் அந்தக் கையெழுத்து உரிமை உள்ள ஒரே பெண் நான். அதை எனக்குக் கொடுக்க அவர்களுக்கு ஆறு வருஷம் பிடித்தது.

ஒரு பம்புக்கு இருபது நிமிஷம். பாதியில் விட்டுப் போனால் மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். அந்த இருபது நிமிஷமும் என் முழங்கைக்குப் பக்கத்திலேயே தொட்டிக்குள் தண்ணீர் சொளசொளவென்று கொட்டிக்கொண்டிருக்கும். ஒன்று முடிந்தால் அடுத்தது. காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிவரை இதே சத்தம்தான். ஆறு வாரக் கர்ப்பிணியை உட்கார வைக்கவே கூடாத இடம் எது என்று உலகம் முழுக்கப் போட்டி வைத்தால், முதல் பரிசு என் பெஞ்சுக்குத்தான் கிடைக்கும்.

ஆமாம், ஆறு வாரம். மணிக்கு ஒரு தடவை முட்டிக்கொண்டு வந்தது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு தடவை போவேன், ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி உள்ளே ஓடுவேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் கடைசி பெஞ்சுக்கு மாறினேன். எனக்கு விசுவாசம் குறைந்துவிட்டதோ என்று கோயிலில் இரண்டு பேர் கவலைப்பட்டதாகக் கேள்வி. என் வீட்டுக்காரர் பிராங்க் போனில் எதையோ படித்துவிட்டு, காபி குடித்தால் இன்னும் அதிகமாக வரும், நிறுத்திவிடு என்றார். நிறுத்தினேன். என் பங்கையும் சேர்த்து அவர் குடிக்க ஆரம்பித்தார்.

டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். கர்ப்பப்பை இப்போது இடுப்பெலும்புக்குள்ளேயே இருக்கிறதாம், முன்னால் இருக்கும் மூத்திரப்பையை அமுக்குகிறதாம். மூன்று மாதம் தாண்டி மேலே ஏறினால் கொஞ்சம் குறையுமாம். "தண்ணியக் குறைக்காதே. வந்தா அடக்காதே. எரிச்சலோ காய்ச்சலோ இருந்தா அன்னைக்கே வா," என்றார். படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பம்போடு சேர்ந்து வரும் பிரஷர் டேங்குக்குள் ஒரு ரப்பர் பை இருக்கிறது. அதற்குப் பெயர் பிளாடர். மூத்திரப்பைக்கும் இங்கிலீஷில் அதே பெயர்தான். அந்தப் பை அமுங்கி இடம் குறைந்துபோனால் பம்பு சும்மா சும்மா ஸ்டார்ட் ஆகும். ஒன்பது வருஷமாகப் பம்புகளுக்கு நான் எழுதிக்கொடுத்த கோளாறு இப்போது எனக்கே வந்திருந்தது.

சிரிப்பு அவ்வளவோடு நின்றுவிட்டது. ஏனென்றால் இது எனக்கு இரண்டாவது.

போன வருஷம் ஏழாவது வாரத்திலேயே பெருமையாக எல்லாரிடமும் சொன்னேன். ஆர்டர் குவிந்து கிடந்த நேரம். டெஸ்ட்டைப் பாதியில் விட மனசில்லாமல் கால் மேல் கால் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினேன். எரிச்சல் வந்தது, நாலு நாள் தள்ளிப்போட்டு மாத்திரை வாங்கினேன். ஒன்பதாவது வாரத்தில் கலைந்துவிட்டது. அடக்கினதாலா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாதும்மா, நிறைய பேருக்குக் காரணமே தெரியறதில்லை," என்றார். அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் நான் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒவ்வொரு மத்தியானமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து வேலைக்கு வந்த அன்று, தம்பிதுரை என் பெஞ்சுக்கே வந்து ஆறுதல் சொன்னார். தொட்டிப் பக்கம் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஆரம்பத்துலயே போனது ஒரு விதத்துல நல்லதுங்க அம்மணி. சீசன் நேரமுங்க, பெஞ்சுக்கு வேற ஆளுக்கு எங்கீங்க போறது."

மூன்று 'ங்க'. நின்று எண்ணினேன். அந்த மனுஷன் என்னைத் திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

அதனால் இந்தத் தடவை யாரிடமும் சொல்வதில்லை, அடக்குவதும் இல்லை என்று முடிவு செய்தேன். மூன்று மாதம் முடியட்டும், பிறகு பார்க்கலாம். இந்த இரண்டு முடிவையும் சேர்த்து நடத்துவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

லேடீஸ் டாய்லெட் காம்பவுண்டின் அந்தக் கோடியில், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிறது. என் நடைக்கு இருநூற்று நாற்பது எட்டு எடுத்து வைக்க வேண்டும். போய் வர ஐந்து நிமிஷம், காரியத்துக்கு ஒரு நிமிஷம். என் பெஞ்சிலிருந்து பதினைந்தே எட்டில் இன்னொரு டாய்லெட் இருக்கிறது. அதன் கதவில் 'கஸ்டமர்களுக்கு மட்டும்' என்று பித்தளைப் பலகை. மாதத்துக்கு ஒரு நாள் யாராவது வந்தால் திறப்பார்கள். மற்ற இருபத்தொன்பது நாளும் அதற்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தம்பிதுரை தன் மேஜை டிராயரில் வைத்திருப்பார்.

போய்க் கேட்டேன். "சார், எனக்கு அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்குதுங்க. அந்தச் சாவி கொஞ்ச நாளைக்குக் கிடைக்குமுங்களா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு காலண்டரைப் பார்த்தார். பாத்ரூம் என்ற சொல்லே அவருக்குக் கூச்சம். "அது கஸ்டமருக்குங்க அம்மணி."

"கஸ்டமர் வர்ற அன்னைக்குக் குடுத்துடறனுங்க."

"அதுக்குச் சொல்லலீங்க. உங்களுக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க. நீங்க வேணும்னா... தண்ணியக் கொஞ்சம் கொறைச்சுக் குடிச்சுப் பாருங்களேன்."

பம்பு கம்பெனி மேனேஜர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். பெஞ்சுக்கு வந்து இரண்டு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அவர் ரூம் ஜன்னலுக்கு எதிரிலேயே அந்தக் கோடிக்கு நடந்தேன்.

ஒரு நாளைக்குப் பதினாலு பம்பு ஓடிய என் பெஞ்சில் இப்போது பதினொன்று ஓடியது. கணக்கைப் பார்த்துவிட்டு தம்பிதுரை என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அந்த விஷயத்தைப் பேச வேண்டிவருமே. அதற்குப் பதிலாக என் பெஞ்சில் ஒரு நோட்டை வைக்கச் சொன்னார். நான் எழுந்து போகும்போதெல்லாம் எழுதி வைக்க வேண்டுமாம். நோட்டுக்கு என்ன தலைப்புப் போடுவது என்று ஆபீஸ் கிளார்க் மனோஜ்குமார் கேட்டதற்கு, "தலைப்பெல்லாம் வேண்டாமுங்க, கஸ்டமர் கண்ணுல பட்டா நல்லா இருக்காது," என்றிருக்கிறார். மனோஜ்குமாருக்கு எந்த நோட்டும் புதிதாகப் போடத் தெரியாது. பம்பு டெஸ்ட் ஷீட்டையே ஜெராக்ஸ் எடுத்து, நடுவில் இருந்த அளவுகளை மட்டும் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்து, தைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். மேலே 'டெஸ்ட் பெஞ்ச் 2' அப்படியே இருந்தது. கீழே ஐந்து கட்டங்கள். மாடல், ஸ்டார்ட், ஸ்டாப், டிஸ்சார்ஜ், சரிபார்த்தவர்.

டிஸ்சார்ஜ் என்றால் எங்கள் தொழிலில் பம்பு வெளியே தள்ளுகிற தண்ணீர்.

இவ்வளவு பெரிய கம்பெனியில் இதை ஒருவர்கூடப் படித்துப் பார்க்கவில்லை. சரி, கேட்டதைக் கொடுப்போம் என்று பேனாவை எடுத்தேன். மாடல்: ஏ.எஸ். ஸ்டார்ட்: ஒன்பது பத்து. ஸ்டாப்: ஒன்பது பதினாறு. டிஸ்சார்ஜ்: ஓகே. முதல் வாரம் நாளைக்கு ஆறு வரி. அடுத்த வாரம் எட்டு. மூன்றாவது வாரம் பத்து. எதையும் விடாமல், அழகான கையெழுத்தில் எழுதினேன். சாயங்காலம் ஆனால் நோட்டு தம்பிதுரையின் மேஜைக்குப் போகும். காலையில் 'சரிபார்த்தவர்' கட்டத்தில் அவருடைய கையெழுத்தோடு திரும்பி வரும். மூன்று பிள்ளைகளைப் பெற்ற மனிதர். ஒரு பெண் வாரத்துக்கு வாரம் எத்தனை தடவை கூடுதலாக எழுந்து போகிறாள் என்று தேதி போட்டு எழுதிக் கொடுத்தும், அவர் பேனா ஒரு வரியிலும் நிற்கவில்லை.

இருபத்து நாலாவது பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது, அப்பார்ட்மெண்ட் கட்டுகிற ஒரு பெரிய கஸ்டமரிடமிருந்து, டெஸ்ட் ரிஜிஸ்டர்களைப் பார்க்க ஆடிட் வந்தது. வந்தவர் சுந்தரராஜுலு. அறுபது தாண்டிய இன்ஜினியர். காகிதத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கிற ஆள். அன்று காலையிலேயே தம்பிதுரை என்னிடம் வந்து, "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க அம்மணி," என்று எதை என்று சொல்லாமல் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கஸ்டமர் டாய்லெட் கதவு அன்று திறந்திருந்தது. சாவி கதவிலேயே தொங்கியது.

பதினொன்றரை மணிக்கு நான் பம்பை ஓட்டிக்கொண்டிருந்தேன். நாலாவது அளவு எடுத்தாயிற்று. ஒன்றரை மணி நேரமாக எழவில்லை. சுந்தரராஜுலு அலமாரியில் இருந்த ரிஜிஸ்டர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டினார். தலைப்பில்லாத நோட்டும் அவர் கைக்கு வந்தது. முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஒரு பக்கத்தைக்கூட விடவில்லை.

"இந்த ஏ.எஸ். எந்த மாடலுங்க?" என்று கேட்டார்.

தம்பிதுரை எட்டிப் பார்த்தார். நோட்டு எது என்று தெரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "அது... இன்டர்னலுங்க சார். கஸ்டமருக்குப் போறதில்லீங்க."

"ஓ, புது டிசைனா?"

"அந்த மாதிரிங்க."

"மொத வாரம் நாளைக்கு ஆறு ஸ்டார்ட். இப்பப் பன்னெண்டு," என்றார் சுந்தரராஜுலு. "டிஸ்சார்ஜ் எல்லா எடத்துலயும் ஓகே. அப்பப் பம்பு நல்லாத்தான் இருக்கு. டேங்க்ல பிளாடர செக் பண்ணுனீங்களா?"

தம்பிதுரை கூரையைப் பார்த்தார். "இல்லீங்க."

"அங்கதான் கோளாறு. பக்கத்துல ஏதோ ஒண்ணு உக்காந்து பிளாடர அமுக்குது. நாளுக்கு நாள் அது பெருசாகுது, அதனால ஸ்டார்ட்டும் ஏறீட்டே போகுது. நாலு வாரமா இப்படி ஓட விட்டுப்போட்டு, தெனமும் சரிபார்த்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பிரிச்சுப் பார்க்க வேண்டாமுங்களா?"

"பிரிக்கறதுங்களா..." என்று இழுத்தார் தம்பிதுரை. அவர் நெற்றியில் வேர்த்திருந்தது. அப்போதும் அந்த ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. ஒரு கஸ்டமரிடம் பொய் சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்தது.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அடிவயிறு வலித்தது. போன வருஷம் இதே இடத்தில், இதே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இதே மாதிரிப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. எழுந்து பம்பை நிறுத்தினேன். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"சார், அந்த ஏ.எஸ். நான்தானுங்க, அருள்செல்வி," என்றேன். "அது நான் ஒண்ணுக்குப் போன நோட்டுங்க. அமுக்கறது என் கொழந்தை. பத்து வாரமாச்சு. இப்பவும் போகோணும். போயிட்டு வந்து மிச்சத்தச் சொல்றேன்."

பதினைந்து எட்டு நடந்து, கஸ்டமர் டாய்லெட்டுக்குள் போய்த் தாழ் போட்டேன். இருபத்தொன்பது நாள் பூட்டிப் பாதுகாத்த பொக்கிஷத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் ரோஜா, ஊதுவத்தி ஸ்டாண்ட், கையில் காற்றடிக்கிற மெஷின். டாக்டரம்மா சொல்லியிருந்தபடி கொஞ்சம் முன்னால் சாய்ந்து, அவசரப்படாமல் முழுக்கப் போனேன். அப்புறம்தான் சொல்லிவிட்டேனே என்று பயமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிடும். இதுவும் போய்விட்டால் மறுபடி எல்லாரும் வரிசையாக வந்து ஆறுதல் சொல்வார்கள். பிளாஸ்டிக் ரோஜாவைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிஷம் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவினேன். வெளியே வந்ததும் கதவைப் பூட்டி, சாவியை எடுத்து என் ஓவர்கோட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

சுந்தரராஜுலு கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "தப்பாப் படிச்சுப்போட்டேன்மா, மன்னிச்சுக்கோ," என்றார். எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. தப்பாகப் படித்தாலும், அந்த நோட்டைப் படித்த ஒரே ஆள் அவர்தான்.

பிறகு தம்பிதுரை பக்கம் திரும்பினார். "என்ர பம்போட டெஸ்ட் பாதியில நிக்குதுன்னா நான் அத எழுதித்தான் ஆகோணும். காரணம் என்ன, என்ன சரி பண்ணுனீங்கன்னு ஃபார்ம் வேணும். சாப்பாட்டுக்கு அப்பறம் கையோட எடுத்துட்டுப் போறேன்."

"பண்ணிரலாமுங்க சார். இவங்கள ஸ்டிக்கர் ஒட்டற செக்‌ஷனுக்கு மாத்திரலாமுங்க. அங்க உக்காந்தே செய்யற வேலை, பாவம்," என்றார் தம்பிதுரை. சாவியைக் கொடுப்பதைவிட என் ஒன்பது வருஷத்தைத் தூக்கிப் போடுவது அவருக்கு எளிதாகப் பட்டது.

"நானும் இங்க உக்காந்துதானுங்க செய்யறேன்," என்றேன். "கோளாறு என்கிட்ட இல்லீங்க, தூரத்துல. சாவி இனி பெஞ்ச் ரெண்டுல இருக்கும். அதயே எழுதிக்கலாமுங்க." சாவியை எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி பாக்கெட்டில் போட்டேன். தம்பிதுரையின் கை கொஞ்சம் நீண்டது. சுந்தரராஜுலு தலையை ஆட்டியதைப் பார்த்ததும் மடங்கிக்கொண்டது.

ஆடிட்டர் கை கழுவப் போனபோது தம்பிதுரை என் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தினார். "ஏனுங்க அம்மணி, மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க பார்த்திருக்க மாட்டமுங்களா?"

"போன தடவை சொன்னனுங்களே சார்."

"போன தடவைங்களா?" என்று நிஜமாகவே யோசித்தார். "எப்பங்க?"

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நடிக்கவில்லை. அவருக்கு ஞாபகமே இல்லை. ஒரு வருஷமாக நான் வயிற்றில் சுமந்துகொண்டு திரிகிற வாக்கியத்தை அவர் அந்தத் தொட்டிப் பக்கமே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"சரிங்க, அத விடுங்க," என்றார். "அந்த ஃபார்ம நீங்களே எழுதிப்போடுங்க. நான் சாரைச் சாப்பிடக் கூட்டிட்டுப் போயிட்டு வந்து கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

அந்த ஃபார்மில் 'ஏன்' என்று கேட்டு ஐந்து கட்டங்கள் இருக்கும். ஒரு கோளாறுக்கு ஐந்து தடவை ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால் அடியில் உள்ள காரணம் கிடைக்கும் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். பயிற்சி கொடுத்ததே தம்பிதுரைதான். நான் எழுதினேன். டெஸ்ட் ஏன் பாதியில் நின்றது? ஊழியர் ஒண்ணுக்குப் போனார். ஏன் தினமும் நேரமாகிறது? டாய்லெட் இருநூற்று நாற்பது எட்டு தூரம். ஏன் இத்தனை நாள் பதினைந்து எட்டில் உள்ளதற்குப் போகவில்லை? பூட்டியிருந்தது. ஏன் திறக்கவில்லை? ஊழியர் கர்ப்பமாக இருப்பதைச் சொல்லவில்லை.

ஐந்தாவது கட்டம். ஏன் சொல்லவில்லை?

அதில் போன வருஷம் தொட்டிப் பக்கம் நின்று அவர் சொன்னதை, தேதி போட்டு, அவர் பெயர் போட்டு, மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதினேன். மூன்று 'ங்க'வும் இருக்கின்றனவா என்று ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு இருவரும் வந்தார்கள். சுந்தரராஜுலு பையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். தம்பிதுரை ஃபார்மை வாங்கி மேஜையில் வைத்து, பேனாவைத் திறந்து, நேராகக் கீழே 'சரிபார்த்தவர்' என்ற இடத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்து ஆடிட்டரிடம் நீட்டினார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க அம்மணி," என்றார்.